நிற்கிற மரங்களைக் காணாமல் அடித்தது யார்?

அவைக்குத் தலைமை தாங்கி, அரை மணி நேரமாக மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் கெடிலக்கரை நகர்க் குடியிருப்போர் சங்கத் தலைவர் அண்ணன் சுப்பிரமணியன் அவர்களே! முன்வரிசையை நிறைத்து, மூட்டுவலியையும் பொறுத்து, முகம் கோணாமல் அமர்ந்திருக்கும் முதியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே! மகளிர் குழுவை மணியாக நடத்திவரும் மங்கலம் அக்கா அவர்களே! செம்மண்டலத்திலிருந்தும் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்தும் செவிகொடுக்க வந்திருக்கும் செம்மல்களே! அதோ, கடைசி விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, கைபேசியில் என்னைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும், யார் அனுப்பிய ஆள் என்று எனக்கு இன்னும் தெரியாத அந்த வெள்ளைச் சட்டைக்காரரே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தேவநாதனின் பணிவான, ஆனாலும் சற்றே சந்தேகம் கலந்த வணக்கம்.

என்ன இளவரசு? “மைக் செட்டுக்காரரு மச்சான் மாமா அவுரு” என்கிறாயா? சரி, இருக்கட்டும். மைக் செட்டுக்காரருக்கு மச்சான் இருப்பது குற்றமில்லை. ஆனாலும் என் ஒரு கண் அவர்மேல்தான் இருக்கும்.

சிரிக்காதீர்கள், பெரியோர்களே. சந்தேகம் எனக்குச் சாப்பாடு போட்ட தொழில். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடும் பேருந்தில் நடத்துநராக ஏறி, பரிசோதகராக இறங்கியவன் நான். ஆலப்பாக்கத்தில் ஏறினால் புதுச்சத்திரம் வருவதற்குள், அறுபது முகங்களில் எந்த முகம் டிக்கெட் வாங்காத முகம் என்று என் மூக்கே சொல்லிவிடும். தூங்குகிறவரைச் சந்தேகப்படுவேன். தூங்காமல் என்னைப் பார்த்துச் சிரிக்கிறவரை இரண்டு மடங்கு சந்தேகப்படுவேன். சற்று முன்பு தலைவர் எனக்குப் போர்த்தினாரே, இந்தச் சால்வை, இதைக்கூட ஒரு முறை உதறிப் பார்த்துவிட்டுத்தான் தோளில் போட்டேன். என் மனைவி விருத்தாம்பாள் முன்வரிசையில் தலையில் அடித்துக்கொள்கிறாள். அடித்துக்கொள்ளட்டும். அவளுக்குப் பழகிப்போனதுதான்.

அப்படிப்பட்ட சந்தேகப் பிராணியாகிய நான், இன்று உங்கள் முன் ஒரே ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நம் மூன்றாவது தெருவில் நிற்கிற மரங்களைக் காணாமல் அடித்தது யார்?

“மரம் எங்கய்யா காணாமப் போச்சு, வரும்போதுகூட அது நெழல்லதான வந்தோம்” என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். நியாயமான முணுமுணுப்பு! நானும் அப்படித்தான் இருந்தேன். நாள்தோறும் நடந்தேன், நிழலில் நின்றேன், நாவல் பழம் பொறுக்கினேன். சென்ற மாதம் மாநகராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிய பட்டியலைப் படித்தேன். படித்தவனுக்குக் கண்ணையே நம்ப முடியவில்லை, ஐயா! மூன்றாவது தெரு, பாதுகாக்கப்பட்ட மரங்கள், மொத்தம் முப்பத்தொன்று. அதன் கீழே வரிசையாக எழுதியிருக்கிறார்கள். எண் ஒன்று, தூங்குமூஞ்சி: காணப்படவில்லை. எண் இரண்டு, வேம்பு: காணப்படவில்லை. எண் மூன்று, புங்கன்: காணப்படவில்லை. எண் நான்கு, நாவல்: காணப்படவில்லை. முப்பது மரங்களுக்கும் அதே பல்லவி!

கண் இருந்தும் காணப்படவில்லையா? காக்கை கூடு கட்டியிருப்பது காணப்படவில்லையா? காலையில் கோவிந்தசாமி அண்ணன் தன் ஆட்டோவைக் கட்டிப்போடுவது போல அந்த வேம்படியில் நிறுத்துகிறாரே, அது காணப்படவில்லையா? தானே புயல் இந்தத் தெருவை மொட்டையடித்துப் போட்ட பிறகு, நாமே குழி தோண்டி, நாமே குடம் சுமந்து வளர்த்த மரங்கள் அல்லவா! ஆளுயரம் வளர்ந்து, மாடியுயரம் வளர்ந்து, மின்கம்பிக்கே சவால் விடுகிற மரங்கள், காகிதத்தில் மட்டும் காணாமல் போய்விட்டன!

காகிதம்தானே, போனால் போகட்டும் என்பீர்கள். போகாது. தெருவின் கீழ்ப்பக்கம் மழைநீர் வடிகால் வெட்டப் போகிறார்கள். பட்டியலில் உள்ள மரத்தை அவர்கள் தொட வேண்டுமென்றால் மரக் குழு கூட வேண்டும். தெருவாரைக் கேட்க வேண்டும். வடிகாலை வளைத்துக் கொண்டுபோக வழியுண்டா என்று பார்க்க வேண்டும். அத்தனைக்கும் பிறகுதான் ரம்பம் உள்ளே வரும். காணப்படவில்லை என்று எழுதிப் பட்டியலிலிருந்து விழுந்த மரத்துக்கு இந்த வழக்காடல் எதுவும் கிடையாது. காலையில் ஜேசிபி வரும், மதியம் வேர் தெரியும். பட்டியலுக்கு மறுப்புச் சொல்லக் கொடுத்த முப்பது நாளில் இன்று இருபத்தொன்பதாம் நாள். நாளை திங்கட்கிழமை மாலை ஐந்து மணியோடு கதவு சாத்தப்படும்.

வாங்கிய வீடு நமக்கு இருக்கிறது. வெயில் ஏறினால் மின்விசிறி போட்டுக்கொள்வோம். மலர்க்கொடி என்ன போட்டுக்கொள்வாள்? அதோ, மூன்றாவது வரிசை ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, நம் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் மலர்க்கொடி, அவளைத்தான் கேட்கிறேன். போன ஆண்டுக் கத்திரி வெயிலில், செம்மண்டலம் தார்ச்சாலை ஓரத்தில், கரிப்பெட்டியைக் கையில் பிடித்தபடியே மயங்கி விழுந்தவள். முழங்கைத் தழும்பு இன்னும் மறையவில்லை. “வெயில்ல திரும்பவும் நின்னா உசுருக்கு நான் பொறுப்பில்ல” என்று மருத்துவர் கையை விரித்த பிறகுதான், நம் தெருவின் பத்தொன்பதாம் எண் தூங்குமூஞ்சிக்குக் கீழே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அந்த மரம் போனால் அவளுக்கு நிற்க இடமில்லை. நிற்க இடமில்லையென்றால் அவள் வீட்டில் உலை கொதிக்காது. இதில் என்ன ஐயம்?

ஆகவே, கேள்வி சிறியதல்ல. காணாமல் அடித்தது யார்?

முதலில் நான் மரங்களைக் கணக்கெடுக்க வந்தவர்களைச் சந்தேகப்பட்டேன். சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு, அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த அதிகாரி அம்மா என்னை உட்காரச் சொன்னார். தேநீர் வரவழைத்தார். தேநீர் வந்ததும் என் சந்தேகம் ஜாஸ்தியாகிவிட்டது. பிறகு அமைதியாகக் கேட்டார். “சார், அங்க மரமே இல்லன்னு நாங்க சொல்லல. பட்டியல்ல இருக்கிற பத்தொம்பதாம் நம்பர் மரம் இதுதான்னு எத வச்சு சொல்றது? தை மாசம் வெள்ளப் பெயிண்ட்ல எழுதின நம்பரு வைகாசில வந்து பாத்தா இல்ல. யாரு சார் அழிச்சது?”

யார் அழித்தது? பெரியோர்களே, தாய்மார்களே, நேர்மையாகச் சொல்லுங்கள். யார் அழித்தது?

இதுவரை கொசு அடித்த கைகள்கூட அசையவில்லை. நான் சொல்கிறேன். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு வீட்டில் தோசைத் திருப்பி வந்தது. ஒரு வீட்டில் உப்புத்தாள் வந்தது. ஒரு வீட்டில் தேங்காய் நார் வந்தது. நம் காயத்ரி, எண் இருந்த இடத்தில் மஞ்சளைப் பூசி, குங்குமத்தை வைத்து, அம்மன் ஆக்கிவிட்டாள். அம்மனை வெட்ட யாருக்குத் துணிச்சல் வரும் என்று கணக்கு! சுரண்டினோம், சுவடு தெரியாமல் துடைத்தோம், சுண்ணாம்பு அடித்தோம். ஒரே ஒரு மரம் தப்பியது. முப்பத்தொன்றாம் எண் மாமரம். அதையும் சட்டம் காக்கவில்லை, ஐயா. அடிமரம் முழுக்கச் செவ்வெறும்பு! கை வைத்த கோவிந்தசாமி அண்ணன் தெருமுனை வரைக்கும் ஆடிக்கொண்டே ஓடினார்!

சிரித்துவிட்டீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் ஏன் சுரண்டினோம்? நம் நான்கு தெருவிலும் அன்று ஒரு பேச்சு நடமாடியது. “நம்பர் விழுந்தா மரம் விழும்.” நினைவிருக்கிறதா? பால் பாக்கெட் வாங்குகிற இடத்தில் அதே பேச்சு, பள்ளி வேன் நிற்கிற இடத்தில் அதே பேச்சு. வாட்ஸ்அப் குழுவில் வினாடிக்கு ஒரு தடவை அதே பேச்சு. காக்க வந்த எண்ணை, கொல்ல வந்த எண் என்று நம்மை நம்பவைத்தது அந்த நான்கு சொல். அதை முதலில் சொன்னவன் எவனோ, அவன்தான் இந்த முப்பது மரங்களையும் காணாமல் அடித்தவன். இல்லையா?

“ஆமாம்!” என்கிறீர்கள். இன்னும் உரக்கச் சொல்லுங்கள். ஆமாவா, இல்லையா? அப்படிச் சொல்லுங்கள்!

நானும் அதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, பழைய பரிசோதகன் ஆனேன். வடிகால் வேலை எடுத்தவர் ஆள் வைத்துப் பரப்பியிருப்பாரோ? சேத்தியாத்தோப்புப் பக்கமிருந்து மனை பார்க்க ஒரு தரகர் வருவாரே, அவராக இருக்குமோ? எண் எழுதிய நாட்களில் தெருமுனையில் நின்றிருந்த சிவப்புக் கார் யாருடையது? பட்டியல் போட்டேன். கோவிலுக்குப் போகிற வழியிலும் சந்தேகப்பட்டேன். அர்ச்சகர் என்னைப் பார்த்துச் சிரித்தபோது அவரையும் பட்டியலில் சேர்த்தேன். பிறகு பேச்சு வந்த வழியே பின்னோக்கி நடந்தேன்.

இளவரசைப் பிடித்தேன். “டேய், யார்றா ஒனக்குச் சொன்னது?” என்றேன். “மங்கலம் அத்ததான் மாமா சொன்னாங்க” என்றான். மங்கலம் அக்காவிடம் போனேன். “நான் எங்க தம்பி சொன்னேன்? கோவிந்தசாமி ஆட்டோல போறப்ப சொன்னாரு, நான் காதுல வாங்குனேன், அவ்ளோதான்” என்றார். கோவிந்தசாமி அண்ணனைப் பிடித்தேன். எறும்பு கடித்த கையைக் காட்டிக்கொண்டே, “எனக்கு எல்லாம் நம்ப மலர்க்கொடிதான். சட்ட வாங்கப் போனப்ப சொல்லுச்சு” என்றார். மலர்க்கொடியா? அந்த மரத்தை நம்பி நிற்கிற பெண்ணா? இவளுக்கு யார் எதைக் கொடுத்து இதைச் சொல்லவைத்தார்கள்? என் புத்தி போன போக்கைப் பாருங்கள்!

வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். சட்டைக் காலரில் இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தாள். “மலர்க்கொடி, உண்மையைச் சொல்லு. நம்பர் விழுந்தா மரம் விழும்னு ஒனக்குச் சொன்னது யாரு?” என்றேன்.

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“என்னாண்ணே இப்படிக் கேக்குறீங்க? நீங்கதானே சொன்னீங்க!”

தலைவரே, மணியைப் பார்க்காதீர்கள். இதைக் கேளுங்கள்.

“நீங்கதாண்ணே. ஒங்க வெள்ளச் சட்டைக்குப் பெட்டி போட்டுக்கிட்டு இருந்தேன். நம்பர் எழுத வந்த அந்தப் பொண்ணு பெயிண்ட் வாளியோட எழுதிட்டுப் போச்சு. ‘நம்பர் விழுந்தா மரம் விழும், எழுதி வச்சுக்கோ’ன்னு சொல்லிட்டுச் சட்டைய வாங்கிட்டுப் போனீங்க. நீங்க கவர்மெண்ட்ல இருந்தவரு, ஒங்களுக்குத் தெரியாதான்னு நானே தேங்கா நார வச்சுத் தேச்சேன். மூணு கொடம் தண்ணி ஊத்தித் தேச்சேண்ணே, லேசுல போவல.”

அவையோரே, நீங்கள் கேட்ட ஆள் கிடைத்துவிட்டான். பெயர் தேவநாதன். இதோ, சால்வை போர்த்திக்கொண்டு உங்கள் முன்னால் நிற்கிறான்.

எனக்கு அது நினைவிலேயே இல்லை. சொன்ன வாய்க்கு மறந்துபோனது, கேட்ட கை தேய்த்துவிட்டது. நான் பொய் சொல்லவில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். நான்கு வழிச் சாலை வந்தபோது, கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் புளியமரம் புளியமரமாக எண் எழுதியதைப் பேருந்துச் சன்னலில் பார்த்தவன் நான். அடுத்த ஆண்டு அதே சன்னலில் அடிக்கட்டைகளைப் பார்த்தேன். அந்தக் கண்ணோடு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வினோதினி என்று பெயர். சிதம்பரத்தில் செடிகொடிகளைப் பற்றிப் படித்துவிட்டு, இந்தக் கணக்கெடுப்புக்கு வந்த பிள்ளை. வெயிலில் முகம் கறுத்துப்போய், “சார், இது வெட்டறதுக்கு இல்ல, காப்பாத்தறதுக்கு” என்றது. “எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க, மொதல்ல கார்டக் காட்டு” என்றேன். கார்டைக் காட்டியது. “போட்டோ ஒன்ன மாதிரி இல்லியே” என்றேன். குடிக்கத் தண்ணீர் கேட்டது. நான் கொடுக்கவில்லை. இதை இத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. விருத்தாம்பாளுக்கே இது இப்போதுதான் தெரியும். வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு உண்டா என்பதே சந்தேகம்தான்.

சந்தேகப்படுவது தப்பா? தப்பில்லை! கேள்வி கேட்காத தெருவைக் கேட்பாரில்லாமல் ஆக்கிவிடுவார்கள். சந்தேகப்படுங்கள், சட்டத்தைக் கேளுங்கள், சான்றைக் கேளுங்கள். கேட்ட பிறகு, பதில் வரும்வரை நில்லுங்கள். நான் நிற்கவில்லை. கேள்வியை அந்தப் பெண்ணிடம் எறிந்துவிட்டு, பதிலை நானே தயாரித்து, அதை ஊருக்கும் கொடுத்துவிட்டேன். என் தப்பு அதுதான்.

இப்போது வழி என்ன? அதிகாரி அம்மா சொல்லியனுப்பியிருக்கிறார். “நம்பரு இருந்துச்சு, நாங்கதான் அழிச்சோம்னு மரத்துக்கு மரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நம்பர் தெரியற மாதிரி போட்டோ இருந்தா சேருங்க. மறுபடி எழுதிடறோம்.” போட்டோவுக்குப் பஞ்சமில்லை. காயத்ரி மகளுக்குக் காது குத்தியபோது வைத்த டிஜிட்டல் பேனர் இருக்கிறதே, அதிலுள்ள படத்தில் தாய்மாமன் தலைக்குப் பக்கத்தில், மரத்தோடு பன்னிரண்டாம் எண் பளிச்சென்று நிற்கிறது! இந்த ஊரில் பேனர் வைத்து ஒரு நன்மை விளைந்தது என்றால் அது அன்றைக்குத்தான். கைபேசியைத் திறந்து பாருங்கள். நாய்க்குட்டி படமா, புது வண்டிப் படமா, பின்னால் மரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

படம் தேடித் தர எல்லோரும் தயார். கையெழுத்து என்றதும்தான் கதவு சாத்துகிறீர்கள்! பத்து நாளாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். “எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு நம்ப மேலயே கேஸ் போட்டா?” என்கிறார் ஒருவர். “மொதல்ல அவுங்கள போடச் சொல்லுங்க, பாத்துக்கிட்டுப் போடறேன்” என்கிறார் இன்னொருவர். தலைவர் அவர்களே, நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், மேடையில் இருப்பதால் சொல்கிறேன். வழக்கு வராது என்று அந்த அம்மாவிடம் எழுதி வாங்கினீர்களா என்று கேட்கிறீர்கள். கேட்டேன். “அத நான் எழுதித் தர முடியாது சார், ஆனா இதுவரைக்கும் யார் மேலயும் போட்டதில்ல” என்றார். நம்பலாமா? எனக்கும் தெரியாது! என் மூக்குகூட இதில் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறது.

ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். ஒரு முறை பி.முட்லூர் தாண்டி, கைக்குழந்தையோடு வந்த ஒரு தாயிடம் டிக்கெட் கேட்டேன். “வாங்கினேன் சார், காத்துல போயிடுச்சு” என்றாள். டிக்கெட் இல்லாதவள் டிக்கெட் இல்லாதவள்தான் என்று அபராதம் எழுதினேன். சட்டப்படி நான் செய்தது சரி. பேருந்தே வாயை மூடிக்கொண்டிருந்தது. சிதம்பரத்தில் இறங்கும்போது பக்கத்து இருக்கைக்காரர் என் காதில் மட்டும், “பாவம் சார், அந்தம்மா வாங்கினத நான் பாத்தேன்” என்றார். பார்த்தவன் பார்த்த நேரத்தில் வாய் திறக்கவில்லை. அவள் போய்விட்டாள். அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன் நான். இன்று நம் தெருவே அந்தப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறது!

சட்டம் இருக்கிறது. பட்டியல் இருக்கிறது. மரம் மலைபோல் நிற்கிறது. “பார்த்தேன், படித்தேன், அழித்தேன்” என்று சொல்ல ஒரு கை இல்லையென்றால், அந்தச் சட்டம் வேருக்குத் தண்ணீர் ஊற்றுமா? அந்தப் பட்டியல் ஜேசிபிக்கு முன்னால் வந்து படுக்குமா? மரத்துக்கு வாயில்லை. அதற்கு வாயாக இருக்க வேண்டிய நாம், வாயைக் கொடுத்து அதைக் கெடுத்தோம். இனி கையைக் கொடுத்தாவது காப்போம்!

இதோ மேசையில் முப்பது தாள். ஒரு மரத்துக்கு ஒரு தாள். பத்தொன்பதாம் எண் தாளில் நான் எழுதியிருப்பதைப் படிக்கிறேன். “இந்த மரத்தில் எண் இருந்தது. அதை அழிக்கும்படி பேசித் தூண்டியவன் தேவநாதன். எந்த வழக்கு வந்தாலும் என்மேல் வரட்டும்.” முதல் கையெழுத்தை நான் போடப் போகிறேன். அதற்கடுத்து, இந்தத் தெருவில் கதவு எண் வைத்திருக்கிற அத்தனை பேரும் வாருங்கள். மலர்க்கொடி, நீ வரவேண்டாம். உன்னை எந்தத் தாளிலும் எழுதவில்லை. வீடு உள்ளவன் பயந்து பதுங்கிக்கொண்டு, வண்டி உள்ளவளை முன்னால் தள்ளுகிற ஊர் என்று நம்மை யாரும்...

யார் அது படியேறுவது? மலர்க்கொடி, இறங்கம்மா. சொன்னால் கேள். உனக்குத்தான் இதில் இழப்பதற்கு அதிகம். இறங்கு. என்ன சொல்கிறாய்? என் காதில் சொல்லாதே, ஒலிபெருக்கியில் சொல். எல்லோரும் கேட்கட்டும்.

“நம்பரு பத்தொம்போது. தேச்சது நானு. நான் தேச்சதுக்கு அண்ணன் கையெழுத்துப் போட்டா அது பொய்யாயிடாதா? அப்பறம் அந்த ஆபீசரு எத நம்புவாங்க? என் பேர எழுதுங்க. எங்க போடணும், காட்டுங்க.”

தலைவரே, உங்கள் பேனாவைக் கொடுங்கள். வேறு பேனா வேண்டாம், உங்களுடையதைத்தான் கேட்கிறேன். மங்கலம் அக்கா, மேசையைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்லுங்கள். இளவரசு, விளக்கை இந்தப் பக்கம் திருப்பு.

போட்டுவிட்டாள். மலர்க்கொடி, வ. என்று தெளிவாகப் போட்டிருக்கிறாள். நான் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொண்டு, அவளுக்குக் கீழே இரண்டாவதாகக் கையெழுத்துப் போடப் போகிறேன். இந்நேரம்வரை அமர்ந்து கேட்ட அனைவருக்கும் என் நன்றி. எழுந்து வரிசைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் என் வணக்கம்.